தஞ்சைச் சுவர் சொல்வதென்ன?

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கோபுர நிழல் தரையில் விழாது என்று நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருகிறார்கள். வெயில் நாளில் அங்கு போய் நின்று வந்தவர்களுங்கூட ஊருக்குத் திரும்பி அதையே சொல்லுகிறார்கள்! நிழல் விழத்தான் விழுகிறது. காலையிலும் மாலையிலும் எவரும் போய்ப் பார்க்கலாம். கண்ணை நம்பாமல் கதையை நம்பும் இந்தப் புத்தியினால் நமக்கு நேர்ந்த நஷ்டம் நிழலோடு நின்றுவிடவில்லை என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

அக்கோயிலைக் கட்டியவன் யார்? கரிகாலன் என்றது தலபுராணம். கட்டியவனுடைய பெயரோ கோயிற் சுவரிலேயே வெட்டப்பட்டிருந்தது. 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக அமர்ந்த ஹுல்ஷ் என்னும் ஜெர்மானியர் அவ்வெழுத்துக்களைப் படித்து அச்சிட்ட பிறகுதான், அது இராஜராஜ சோழன் எடுப்பித்து 1010இல் முடித்த கோயில் என்பது உறுதியாயிற்று. தினந்தோறும் அச்சுவரைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாததை அந்நியர் ஒருவர் வந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் என்ன? சுவர் கும்பிடுவதற்கேயன்றிப் படிப்பதற்கல்ல என்று நம்மைப் பழக்கி வைத்ததல்லவா?

சரி, சுவர் என்ன சொல்லுகிறது? தேவலோகத்திலிருந்து ஒரு கல்லாவது வந்ததாக அது சொல்லவில்லை. சேரனையும் பாண்டியர்களையும் முறியடித்துக் கைப்பற்றிய செல்வத்தில் சாமிக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுத்ததைச் சொல்லுகிறது. ஈழத்து ஊர்கள் உள்பட அனேக ஊர்களின் வருமானம் கோயிலுக்கு விடப்பட்டதைச் சொல்லுகிறது. கோயிற் பணம் ஊர்ச் சபைகளுக்கு 100க்கு 12½ வீதம் வட்டிக்கு விடப்பட்டதைச் சொல்லுகிறது. வேறு கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் விதித்ததை, அவரவர் பெயரோடு சொல்லுகிறது. வீடும் நெல்லும் கிடைத்தது மெய்தான். ஆனால், "வர உனக்குச் சம்மதமா?" என்று அவர்களை எவரேனும் கேட்டதாக அங்கு ஒரு வரியாவது உண்டா? கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்க 1947இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெழுதும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்களின் நெல் கோயிற் களஞ்சியத்துக்குள் தாராளமாய்ப் போயிற்று. சேரியில் வைக்கப்பட்டவர்களின் சந்ததிகள் கோயில்களுக்குள் கால் வைக்கவோ, 1939இலும் 1947இலும் சட்டசபை கூடிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. நெல்லுக்கு இல்லாத தீட்டு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது?

பாஷையின் கதையும் இதுவே. சுவர் நிறையத் தமிழ் எழுத்து. ஆனால் 2020இல் நடந்த குடமுழுக்கில் தமிழ் ஒலிப்பதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது!

நாம் இக்கோயிலை இடிக்கச் சொல்லவில்லை. 200 அடிக்கு மேல் கல்லை அடுக்கி, ஆயிரம் வருஷம் அசையாமல் நிற்கச் செய்த கணக்கும் கைத்திறனும் மனிதர்களுடையவை. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயர் அங்கு வெட்டப்பட்டிருக்கிறது. சாமியின் பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேர் அப்பெயரை அறிவார்கள்? கல் சுமந்த கூலிகளின் பெயரை யார் அறிவார்?

ஆகவே, தஞ்சைக்குப் போகும் தோழர்கள் தேங்காய்க்கும் கற்பூரத்துக்கும் ஆகும் காசை மீதப்படுத்தி, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு அச்சுவரைச் சுற்றி வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். படித்துக் கேட்ட பிறகு, அது ஆண்டவன் செயலா அல்லது ஆட்களின் செயலா என்பதை அவரவர் புத்தியைக் கொண்டே முடிவு செய்து கொள்ளட்டும்.