நூறு மீற்றர் போடுகிற தடி எது என்று கேட்பவர்களுக்கு



கொஞ்ச நாளாக என்னிடம் வருகிற கேள்விகளில் பாடத்தை விடத் தூண்டில் தடிதான் அதிகம். பழைய மாணவர்கள், அவர்களுடைய வாப்பாமார், சில வேளை என்னோடு படிப்பிக்கிறவர்களே கேட்கிறார்கள்: "சேர், நூறு மீற்றர் போடக்கூடிய தடி எது?" கூடவே ஒன்லைனில் பார்த்த படம் ஒன்றும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பிக் களைத்துப் போனேன். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கேள்வியே பிழை. "நான் எத்தனை கிராம் ஈயம் கட்டப் போகிறேன்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் தடி வாங்குவது, கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது போல.

இப்போது "லோங் காஸ்ட்" என்ற பெயரில் இங்கே கைமாறுகிற 12 அடி, 13 அடித் தடிகளில் பல நம்முடைய கடலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை கார்ப் தடிகள். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஏரிகளில் கார்ப் என்கிற கெண்டை மீனைப் பிடிப்பதற்காக வளர்த்தெடுத்த சாமான். அடையாளம் சுலபம். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே 3 எல்.பி. அல்லது 3.5 எல்.பி. என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இது மூன்றரை இறாத்தல் மீனைத்தான் தாங்குமாம் சேர்" என்று ஒரு தம்பி கவலைப்பட்டார்.

மீனின் நிறைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அதற்குப் பெயர் டெஸ்ட் கேர்வ். தடியைப் பிடித்துக்கொண்டு நூலை இழுக்கும்போது, நுனி கைப்பிடிக்கு 90 பாகையில் வளைய எத்தனை இறாத்தல் இழுவை வேண்டுமோ அதுதான் அந்த எண். நாம் பாண் வாங்குகிற அதே இறாத்தல்தான். மூன்றரை என்றால் ஏறத்தாழ 1.6 கிலோ. ரிச்சர்ட் வோக்கர் என்ற ஆங்கிலேயர் 1952 இல் ரெட்மயர் என்ற சின்னக் குளமொன்றில் 44 இறாத்தல் கார்ப் பிடித்தார். ஏறத்தாழ 20 கிலோ. அந்தப் பிரித்தானியச் சாதனை 1980 வரை நின்றது. அவருடைய தடி மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தது, 10 அடி நீளம், டெஸ்ட் கேர்வ் ஒன்றரை இறாத்தல் அளவு. இன்றைக்கு அதைக் கொண்டுபோய் நம் தம்பிமாரிடம் கொடுத்தால் "சின்னப் பிள்ளைச் சாமான்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

அந்தக் காலத்துக் கணக்கொன்று இன்றும் உதவும்: ஓர் இறாத்தல் டெஸ்ட் கேர்வுக்கு ஓர் அவுன்ஸ் ஈயம். அதன்படி 3 இறாத்தல் தடிக்கு 85 கிராம், மூன்றரைக்கு 100 கிராம். இப்போதைய கார்பன் தடிகள் இதற்குச் சற்று மேலேயும் தாங்கும். ஆனால் "சற்று" என்பதைக் கவனியுங்கள்.

நம் கரையில் நடப்பது வேறு. வாடைக் காலத்தில் கடல் 100 கிராம் ஈயத்தை உருட்டிக்கொண்டு போகும். ஆகவே தம்பிமார் 150, 170 என்று கட்டுகிறார்கள். அந்தப் பாரத்தில் தடி வளைந்தபடியே நிற்கும், எறிகிற நேரத்துக்கு நிமிராது. ஈயம் பட்டம் மாதிரி மேலே எழும்பிப் பக்கத்திலேயே விழும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் தடி முறியும். பிறகு ஏச்சு முழுக்க விற்றவருக்கு. மறுபக்கம், களப்பில் 30 கிராம் ஈயத்தோடு அதே தடியைப் பாவித்தால் அது வளையவே வளையாது. தடி எறிவது வளைந்து நிமிர்வதால்தான். வளையாவிட்டால் அது கம்பு, அவ்வளவுதான்.

அடுத்தது நீளம். 12 அடியை விட 13 அடி தூரம் போடும், 14 அடி இன்னும் தூரம் போடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. கடதாசியில் சரி. அதே சுழற்சி வேகத்தில் வீசினால் 13 அடித் தடியின் நுனி 8 வீதம் கூடுதல் வேகத்தில் போகும், தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். ஆனால் "அதே சுழற்சி வேகத்தில்" என்பது யாருடைய கையில் இருக்கிறது? நீளம் கூடக் கூடத் தடியைச் சுழற்றுவது கடினமாகிறது, அதுவும் நீளத்தை விட வேகமாகக் கடினமாகிறது. ஆறடி உயரமும் தோள்பலமும் உள்ள ஆளுக்கு 13 அடி இலாபம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது நட்டம். வாப்பாமார் தங்கள் மகனுக்கு வாங்கும்போது இதை யோசிக்க வேண்டும். பத்தடித் தடியில் 60 கிராம் ஈயத்தோடு அவன் போடுகிற தூரத்தை, 13 அடியில் 120 கிராமோடு போட மாட்டான். கை வலியில் ஒரு மணித்தியாலத்தில் தடியை மணலில் குத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

உண்மையில் தூரத்தைத் திருடுவது பெரும்பாலும் தடி அல்ல, தங்கூசி. 0.40 மில்லிமீற்றர் தங்கூசியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.30 இனுடையதை விட ஏறத்தாழ 1.8 மடங்கு. அவ்வளவு தடித்த நூலைக் காற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் ஈயம் போக வேண்டும். ரீலில் நூல் பாதி குறைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் உரசித்தான் வெளியே வரும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே வரை நிரப்புங்கள். தடி மாற்றாமலே பல மீற்றர் கூடும், செலவு ஒரு சுருள் தங்கூசி. காற்றையும் மறக்க வேண்டாம். கச்சான் முதுகுக்குப் பின்னால் அடிக்கிற காலத்தில் எல்லோருமே சம்பியன்தான். அப்போது எடுத்த வீடியோவைக் காட்டித்தான் தடி விற்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். மெல்லிய நூல் தூரம் போகும் என்றேன். அதே மெல்லிய நூல்தான் எறியும்போது அறுந்து போகும்.

ஒரு கணக்குப் பாருங்கள். காற்றுத் தடையே இல்லை என்று வைத்தாலும், 45 பாகையில் எறிந்த பொருள் 100 மீற்றர் போக, செக்கனுக்கு 31 மீற்றர் வேகத்தில் கிளம்ப வேண்டும். மணிக்கு 110 கிலோமீற்றருக்கு மேல். காற்றும் நூலும் இழுப்பதால் உண்மையில் இன்னும் கூட வேண்டும். அதாவது வேகப்பந்து வீச்சாளருடைய வேகம். கிரிக்கெட் பந்து 160 கிராம் அளவு. அதற்கு முகம் கொடுக்கிறவர் ஹெல்மெட், கையுறை, பேட் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார். நாம் 150 கிராம் ஈயத்தை, அதே வேகத்தில், பிள்ளைகள் ஓடித் திரிகிற கரையில் தலைக்கு மேலால் சுழற்றுகிறோம். அரைவாசிச் சுழற்சியில் நூல் அறுந்தால் ஈயம் கடலுக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? பக்கவாட்டில் போகும். கடலை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற உம்மாமாரை நோக்கிப் போகும்.

இதற்கு மருந்து இருக்கிறது, மலிவானது. மெல்லிய தங்கூசிக்கு முன்னால் தடித்த தங்கூசித் துண்டொன்றைக் கட்ட வேண்டும். ஷொக் லீடர் என்பார்கள். கடலில் எறிகிறவர்களின் கணக்கு, ஈயத்தின் ஒவ்வோர் அவுன்ஸுக்கும் 10 இறாத்தல் பலம். 4 அவுன்ஸ் ஈயத்துக்கு 40 இறாத்தல், 5 அவுன்ஸுக்கு 50. நீளம், தடியைப் போல இரண்டு மடங்கும் ரீலில் ஏழெட்டுச் சுற்றும். முடிச்சு மெல்லியதாக, வளையங்களில் தட்டாமல் இருக்க வேண்டும். லீடர் இல்லாமல் 100 கிராமுக்கு மேல் எறிகிறவரைக் கண்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்ல வேண்டும். வெள்ளி, ஞாயிறு பின்னேரங்களில் சனம் கூடுகிற பகுதியில் முழுப் பலத்தோடு எறிவதே வேண்டாம் என்று மீனவர் சங்கமும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து ஒரு எல்லை போட்டால் இன்னும் நல்லது. ஆளுக்கு ஏதும் நடந்த பிறகு கூட்டம் போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். இதற்கு முதலே போடுவோம்.

"அப்போ தூரமே தேவையில்லையா சேர்?" என்று கேட்பீர்கள். தேவைப்படுகிற இடம் உண்டு. வயலுக்குத் தண்ணீர் திறந்து வற்றிப்போன பெரிய குளத்தில் மீன் நடுவிலுள்ள ஆழத்துக்கு ஒதுங்கும். இங்கிலாந்து ஏரிகளிலும் ஆள்நடமாட்டத்துக்குப் பயந்த கார்ப் நடுவுக்குப் போய்விடும், அதனால்தான் மூன்றரை இறாத்தல் தடிகளே வந்தன. முதலை உள்ள குளம் என்றால் தண்ணீர் ஓரத்தை விட்டுத் தள்ளி நின்று எறிவதற்கும் தூரம் வேண்டும்! ஆனால் நக்டா விடுகிற குஞ்சுகளில் வளர்கிற கொமன் கார்ப், அமைதியான விடியற்காலையில் கரையோரச் சேற்றைக் கிளறித்தான் தின்கிறது. முகத்துவாரத்தில் கொடுவா ஓரத்துப் பாறைகளையும் மரங்களையும் ஒட்டித்தான் நிற்கிறது. கடலிலும் கரைக்கும் முதல் திரைக்கும் இடையிலுள்ள பள்ளம் நல்ல மீன் வருகிற இடம். நூறு மீற்றர் எறிகிறவர் அந்த மீன்களின் தலைக்கு மேலால் எறிகிறார். போதாததற்கு விறைத்த தடியில் கிட்டத்தில் மீன் பட்டால், அது திமிறும்போது தடி விட்டுக்கொடுக்காமல் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

வாங்குவதென்றே முடிவெடுத்தவர்களுக்கு. குளத்துக்கும் களப்புக்கும் 10 அல்லது 12 அடி, இரண்டரை முதல் மூன்று இறாத்தல் போதும். கடலில் 120 கிராமுக்கு மேல் கட்டுவதாக இருந்தால் கார்ப் தடியை விடுங்கள், 100 முதல் 200 கிராம் என்று எழுதிய கடற்கரைத் தடி வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று போகிற தடியை விட இரண்டு துண்டுத் தடி நல்லது. பைக்கில் கொண்டுபோவது கஷ்டம்தான், ஆனால் வளைவு சீராக இருக்கும். கடையில் தடியை ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள், நுனி உடனே அடங்க வேண்டும். தொடர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, நூலை அறுக்கும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், காசு உங்களுடையது.

ஏற்கனவே வாங்கியவர்கள் தடியில் எழுதியிருப்பதைப் படமெடுத்து கொமென்டில் போடுங்கள், எத்தனை கிராம் வரை கட்டலாம் என்று சொல்கிறேன். பல வருடமாகக் கரையில் எறிகிற காக்காமார் லீடர் முடிச்சை ஒரு வீடியோவாக எடுத்துப் போட்டால், நான் எழுதியதை விட அது தம்பிமாருக்குப் பிரயோசனமாக இருக்கும்.