குறிப்பிலிருந்து கோரிக்கைக்கு

தில்லியின் மே மாத வெயிலில் உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வாகனத்தில் விரையும் தொழிலாளிக்கு, வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்றுத்தர மேற்பார்வையாளர் இல்லை. சந்தேகம் கேட்க அலுவலகம் இல்லை. தேநீர் இடைவேளையில் அருகமர்ந்து பேச மூத்த தொழிலாளியும் இல்லை. கையில் இருப்பது ஒரு கைப்பேசி மட்டுமே. அதிலுள்ள செயலி அவருக்குக் கட்டளையிடுகிறது. அதே கைப்பேசியில், முன்பின் அறியாத சக தொழிலாளர்கள் அவருக்கு வழி சொல்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளிலும் அன்றாடம் பரிமாறப்படும் இக்குறிப்புகள் மிக எளியவை. எந்தப் பெட்ரோல் பங்க்கில் குடிநீரும் கழிப்பறையும் கிடைக்கும். எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டில் ஏற விடமாட்டார்கள். பொருள் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் பொய்ப் புகார் அளித்தால் தப்பிக்கப் பொட்டலத்தை எப்படிப் படமெடுத்து வைப்பது. விபத்து நேர்ந்தால் எந்தெந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது. வீடுகளுக்குச் சென்று அழகுக்கலைப் பணி செய்யும் பெண்கள், எந்த வீட்டிற்குத் தனியாகச் செல்லக் கூடாது என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். ஊரும் சாதியும் மொழியும் கேளாமல் இவ்வுதவி நடக்கிறது. இந்தியில் கேட்ட கேள்விக்குக் கன்னடம் கலந்த இந்தியில் விடை வருகிறது.

இதை வெறும் அரட்டை என்று ஒதுக்கும் போக்கு இடதுசாரி இயக்கத்திலும் உண்டு. அது தவறு. இந்த அறிவு ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால் போதும், இன்றைய சுரண்டலின் வடிவம் விளங்கிவிடும்.

ஆலையின் விதிகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் வாயிலருகே எழுதி வைக்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் விதித்தது. செயலி நிறுவனத்திற்கு வாயிலும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. தொழிலாளிக்குப் ‘பார்ட்னர்’ என்று பெயர்; ஆனால் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது, ஐடி ஏன் முடக்கப்பட்டது என்பது அந்தப் ‘பார்ட்னருக்கு’ச் சொல்லப்படுவதில்லை. 2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் மளிகைப் பொருள்களை விரைந்து கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனம், ஒரு விநியோகத்திற்கான அடிப்படைத் தொகையை 25 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது. இத்தகைய தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30க்குள் 2.35 கோடியாகப் பெருகுவர் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. முதலாளி சொல்லக் கடமைப்பட்டதை முகமறியாதவர்கள் ஊதியமின்றிச் சொல்லித் தருகிறார்கள் என்பதே இக்குறிப்புகளின் பொருள்.

ஆயினும் குறிப்புகளுக்கு எல்லை உண்டு. முடங்கிய ஐடியைத் திறந்து தருவதாகக் கூறிப் பணம் பறிப்போரும் அதே குழுக்களில் நுழைகிறார்கள். பிறர் ஐடியை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்ற யோசனையை நம்பியவர், விபத்து நேர்ந்தால் காப்பீடு கோர வழியின்றி நிற்பார்.

இதைவிட ஆழமான எல்லை ஒன்றும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு எந்தப் பகுதியில் நின்றால் ஆர்டர் மிகுதியாகக் கிடைக்கும் என்ற குறிப்பு ஒருவருக்குத் தெரிந்தவரை பலன் தரும். நூறு பேருக்குத் தெரிந்து நூறு பேரும் அங்கே கூடினால் எவருக்கும் பலனில்லை. விதியை ஏற்றுக்கொண்டு அதற்குள் தப்பிக்கும் வழியையே குறிப்பு காட்டுகிறது. கோரிக்கையின் இயல்பு வேறு. அதை அறிந்தவர் பெருகப் பெருக அதன் வலிமையும் பெருகும்.

ஐடி முடங்கினால் யாருக்கு எழுதுவது என்பது நெடுநாளாக ஒரு குறிப்பாகவே சுற்றி வந்தது. 2025ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமோ, எழுத்துமூலம் காரணம் கூறி 14 நாள் முன்னறிவிப்பு அளிக்காமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது. அதற்கு முன் 2023இல் ராஜஸ்தான் இத்தொழிலாளர்களுக்கென நல வாரியச் சட்டம் கொண்டுவந்தது. சங்கங்கள் கோரிக்கை எழுப்பியிராவிட்டால் இவை தாமாக வந்திருக்கமாட்டா. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதியளிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி வழங்கும் கடமையை எந்தத் தொகுப்பும் நிறுவனங்கள்மீது சுமத்தவில்லை. போராட்டம் எங்கே தொடர வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக மார்க்ஸ் ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். வேலைநேரம், கூலி, விபத்து, அபராதம் என அனைத்தும் அதில் இருந்தன. தம் துன்பங்களை முழுமையாக அறிந்து உரைக்க வல்லவர்கள் தொழிலாளர்களே என்பது அதன் அடிப்படை. அன்று கேள்வித்தாள் தொழிலாளியைத் தேடிச் சென்றது. இன்று தொழிலாளியின் கேள்விகள் நாள்தோறும் எழுத்திலேயே குவிந்து கிடக்கின்றன.

தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் தமிழ் பேசும் தோழர்களுக்கு இதில் பணி உண்டு. குழுவில் நுழைந்ததும் முழக்கம் எழுப்ப வேண்டியதில்லை. விபத்தில் சிக்கியவருக்குச் சரியான சட்டத்தையும் தொழிற்சங்க அலுவலகத்தின் முகவரியையும் சொல்லலாம். பணமோசடிக்கு ஆளானவரை உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லலாம். தவறான யோசனையைப் பணிவோடு திருத்தலாம். மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளைக் குறித்துவைத்து, கேட்டவர்களை ஒரு மாலைப் பொழுதில் ஒரே இடத்தில் சந்திக்கச் செய்யலாம். ‘நான் எப்படிச் சமாளிப்பது’ என்று வந்தவர்கள் ‘நாம் எதைக் கேட்பது’ என்று பேசத் தொடங்கும் அந்த மாலையில் சங்கத்தின் வேலை தொடங்குகிறது.