துவேஷமும் தண்டனையும்

1998-ம் வருஷம் அக்டோபரில், அமெரிக்காவின் வையோமிங் மாகாணத்தில் மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயது மாணவர் கொடூரமாய்த் தாக்கப்பட்டு, வேலியில் கட்டப்பட்டுக் கிடந்தார். சில தினங்களில் ஆஸ்பத்திரியில் மாண்டார். அவர் ஆண்களை நேசிப்பவர். 1968-ம் வருஷத்து மத்திய சட்டமோ இனம், நிறம், மதம், பிறந்த தேசம் பற்றிய துவேஷத்தையே குறித்தது. பால் நாட்டத்தைக் குறிக்கவில்லை. 2009 அக்டோபர் 28-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டமே அக்குறையை நீக்கிற்று.

கொலைஞர் இருவருக்கும் சாதாரணச் சட்டப்படியே ஆயுள் தண்டனை கிடைத்ததே, தனிச் சட்டம் எதற்கு என்று வினவுவோர் உளர். பணத்துக்காக ஒருவனை அடித்தால் அவனும் அவன் குடும்பமும் துன்புறுவர். துவேஷத்தால் அடித்தாலோ, அவனைப் போன்றார் அனைவருமே வீதியில் நடக்க அஞ்சுவர். தீங்கு பெரிதாயின் தண்டனையும் பெரிதாதல் நியாயமே. மேலும், உள்ளூரில் நீதி தவறினால் மத்திய சர்க்கார் வழக்குத் தொடரவும் இச்சட்டம் வழி செய்கிறது.

பேச்சுரிமை பறிபோகும் என்ற ஆட்சேபத்தையும் நாம் ஒப்புவதற்கில்லை. இச்சட்டம் தண்டிப்பது பலாத்காரத்தையே, அபிப்பிராயத்தையன்று. பிறரை வெறுப்பது ஒருவனது மனத்தின் காரியம். அவர்மீது கையோங்குவது சட்டத்தின் காரியம். இந்த எல்லையைத் தெளிவாய் வகுத்ததே இச்சட்டத்தின் சிறப்பென்பது நமது துணிபு.