காதோடு காதாக ஒரு தீர்மானம்

சுங்கைப்பட்டாணி நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலைப்பொழுது நின்றவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். ஜாமின் பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்த அப்பா ஒரு பக்கம், தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வந்த அம்மா ஒரு பக்கம். நடுவில் நிற்கும் பையனிடம் வக்கீல் சொல்வார்: "தம்பி, கேஸ் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. பேஸ்புக் பக்கம் போகாதே. கூட்டம் கூடுற இடத்துல தலையைக் காட்டாதே." பையன் தலையாட்டுவான். லோரி வேலை அதற்குள் போயிருக்கும். கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறக்கூடக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பான். அவன் மீது குற்றம் நிரூபிக்கப்பட்டுவிட்டதா என்று தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேஸ் இருக்கிறது, அது போதும்.

நாட்டின் துணைப் பிரதமருக்கு இப்படி அறிவுரை சொல்ல ஒரு வக்கீல் கிடைக்கவில்லை போலும். 12 நம்பிக்கை மோசடி, 8 லஞ்சம், 27 பணச் சலவை என்று 47 குற்றச்சாட்டுகள் தலைமேல் தொங்கும்போதே, 2022 டிசம்பரில் டத்தோஸ்ரீ அகமட் ஸாஹிட் ஹமிடி அந்தப் பதவியை ஏற்றார். 99 அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரித்த உயர் நீதிமன்றம், எதிர்வாதம் செய்யும்படி அவருக்கு 2022 ஜனவரியிலேயே உத்தரவிட்டிருந்தது. அதன் பிறகும் கட்சித் தலைவர் நாற்காலியை அவர் விடவில்லை, பிரச்சார மேடையை விடவில்லை. அவர் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை, அதைச் சொல்வது நீதிபதியின் வேலை. அந்த வேலையை முடிக்க விடாமல்தான் 2023 செப்டம்பர் 4ஆம் தேதி வழக்கை நிறுத்தி, அவரை விடுவித்தும் விடுதலையாக்காத நிலையில் வைத்துவிட்டார்கள்.

அரசுத் தரப்பு பதினொரு காரணங்களை அடுக்கியது. இன்னும் ஆழமாக விசாரிக்க வேண்டுமாம். 99 பேரைக் கூண்டில் ஏற்றி இறக்கிய பிறகு! எதிர்த்தரப்பு அனுப்பிய மனுக்களை ஆராய வேண்டுமாம். அந்த மனுக்களில் என்னதான் இருந்தது? கோத்தா கோலா மூடாவில் ஆற்றைக் கடந்து பினாங்குப் பக்கம் போனால் பாசார் பிசிக் என்ற கிசுகிசுச் சந்தை இருக்கிறது. படகு கரை சேர்ந்ததும் வாங்குபவர் மீன்காரரின் காதில் விலையைக் கிசுகிசுப்பார், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. மீனை அப்படி விற்கலாம், பரம்பரை வழக்கம். நாட்டின் நீதியை அப்படி ஏலம் போட்டார்களோ என்று மக்கள் பேசினால் கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

நமக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது? வழக்கைத் தொடுப்பதும் கைவிடுவதும் கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆம் பிரிவு சட்டத்துறைத் தலைவர் என்ற ஒரே நாற்காலிக்குக் கொடுத்த அதிகாரம். அந்த நாற்காலியின் பெயரால் 2019இல் நடந்ததை நாம் மறக்கவில்லை. அந்த அக்டோபரில் பன்னிரண்டு தமிழர்களைப் பிடித்தார்கள். காடேக் சட்டமன்ற உறுப்பினரும் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினரும் அதில் அடக்கம். 2009லேயே முள்ளிவாய்க்காலில் அழிந்துபோன ஓர் இயக்கத்தை ஆதரித்தார்கள், கைப்பேசியில் படம் வைத்திருந்தார்கள் என்று குற்றச்சாட்டு. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டம் பாய்ந்தது, ஜாமின் கிடையாது. அக்டோபர் 27 தீபாவளி. பன்னிரண்டு வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அப்பா இல்லை, பிள்ளை இல்லை. ஜாமினை மறுக்கும் சோஸ்மா 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நவம்பர் 29இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் சனங்கள் கண்ணீரோடு கை தட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் சிறைக் கதவைத் திறக்கவில்லை. பொங்கல் வந்தது, தைப்பூசம் வந்தது. 2020 பிப்ரவரி 21இல், தண்டனை பெற்றுத் தர நியாயமான வாய்ப்பு இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டார்கள்.

மீட்டுக்கொண்டது சரிதான். பிடிக்கும் முன்பே இதை யோசித்திருக்க வேண்டாமா? போன வேலை, போன மானம், பள்ளியில் "உங்கப்பா தீவிரவாதியா?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் விழித்த விழி, இதையெல்லாம் எந்தக் கோப்பில் சேர்ப்பார்கள்? அவர்களுக்குத் தாங்களே வாயடங்கி இருக்கும் வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை. உள்ளே தள்ளி வாயை அடைத்தார்கள். 47 குற்றச்சாட்டு உள்ளவர் சிகிச்சைக்காக ஜெர்மனி போய்வர 2021இல் கடப்பிதழ் கிடைத்தது. நோயாளிக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. அதே மனிதாபிமானம் சோஸ்மா கைதி விஷயத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்றுதான் கேட்கிறோம்.

நம் கெடா மாநில மந்திரி பெசாரையும் விட்டுவைக்க முடியாது. 2023 ஜூலை 18 விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டலில் பிடித்து அன்றே நிந்தனைச் சட்டத்தில் குற்றஞ்சாட்டினார்கள். என்ன வேகம்! அவராவது அடங்கினாரா? மேடைமேல் மேடை ஏறினார். ஆகஸ்ட் 12இல் அவருடைய அணி கெடாவின் 36 தொகுதிகளில் 33ஐ அள்ளியது. கோயில் உடைப்பைக் கேள்வி கேட்டவர்களைப் பார்த்து 2020இல் கள் போதை என்று பேசிய வாய்தானே அது, வழக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா?

வழக்குத் தொடுப்பவர்கள் கைவிட்டது இது முதல் தடவையும் அல்ல. 2020 மே மாதம் முன்னாள் பிரதமருடைய மனைவியின் முதல் திருமணத்து மகன் மீதிருந்த ஐந்து பணச் சலவைக் குற்றச்சாட்டுகள், சொத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போட்டுப் போயின. குற்றச்சாட்டில் இருந்த தொகை 24.8 கோடி அமெரிக்க டாலர். அடுத்த மாதமே சபாவின் முன்னாள் முதலமைச்சர் மீதிருந்த 46 குற்றச்சாட்டுகள் காணாமல் போயின. அந்த முன்னாள் பிரதமரோ 2020 ஜூலையில் தண்டனை பெற்றும், மேல்முறையீட்டைக் காட்டி "பொஸ்கு" கோஷத்தோடு மலாக்கா, ஜொகூர் தேர்தல்களில் ஊர்வலம் வந்தார். காஜாங் சிறைக் கதவு 2022 ஆகஸ்டில் மூடிய பிறகுதான் அந்தச் சத்தம் ஓய்ந்தது. கட்சியும் தடுக்கவில்லை, வெட்கமும் தடுக்கவில்லை.

பால்மரக்காட்டில் ஒரு கோணி ஒட்டுப்பால் காணாமல் போனால் இப்படிப் பதினொரு காரணம் தேடுவார்களா? மண்டோர் கை காட்டினால் போதும், லோரியில் ஏற்றிவிடுவார்கள். ஏழைக்கு ஆதாரம் தேவையில்லை, பெரியவருக்கு எந்த ஆதாரமும் போதவில்லை. இதைத்தான் சட்டத்தின் ஆட்சி என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம்.

செப்டம்பர் 4 தீர்மானம் தவறு. அதைத் திருத்த எந்த வழி இருந்தாலும் சம்பந்தப்பட்டவர்கள் அதைத் தேடட்டும். நாற்காலியை இரண்டாகப் பிரிப்பார்களோ, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. அதுவரை, விடுவிக்கப்பட்டும் விடுதலையாகாத நிலையில் இருப்பவர் கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும்.

அந்தத் தீர்மானம் வந்த அதே வாரம், 2023 செப்டம்பர் 9 சனிக்கிழமை, பூலாயிலும் சிம்பாங் ஜெராமிலும் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே உள்ள நம்மவர்கள், ஓட்டுக் கேட்டு மேடையில் நின்றவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்க வேண்டும்: "ஐயா, உங்க கேஸ் முடிஞ்சிருச்சா?"