மடையான் வேட்டை: வலை விரிப்பவர் சிக்குகிறார்... வாங்கித் தின்பவர் தப்புகிறார்!

மன்னார்குடி,

மேட்டூர் தண்ணீர் வந்து ஏரி, குளம் நிரம்பி, சம்பா நடவும் முடிந்து விட்டால் டெல்டாவில் பறவைகளுக்கு சீசன். அவற்றைப் பிடிப்பவர்களுக்கும் அதுதான் சீசன்.

மன்னார்குடி-தஞ்சாவூர் ரோட்டில் வடுவூர், முத்துப்பேட்டை பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்து விட்டன. ஆனால் பறவை சரணாலயத்தில் தூங்கினாலும், இரை தேடி வயலுக்குத்தானே வந்தாக வேண்டும்? அங்கேதான் வலையும் கண்ணியும் காத்திருக்கின்றன. பிடிபட்ட மடையானின் கண்ணைத் தைத்து வயலில் கட்டி வைப்பதும் உண்டு. இனத்தைப் பார்த்து மற்றவை இறங்கும். இறங்கியதும் சிக்கும்.

பறவை வேட்டை என்றாலே நரிக்குறவர்களைக் கைகாட்டி விடுவது ஊர் வழக்கம். அது பாதி உண்மை கூட இல்லை. வாங்க ஆள் இல்லாமல் யாரும் விடியற்காலையில் சேற்றில் நிற்க மாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்ட நீர்நிலைகளில் வேட்டைக்காரர்களிடமே விசாரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. 47 நீர்ப்பறவை இனங்கள் வேட்டையாடப்படுவதும், கறி விற்பனைக்குப் போவதும் அதில் அம்பலமானது.

பிடிப்பவர், மொத்தமாக வாங்கிச் செல்பவர், கடைக்காரர், தின்பவர். இதுதான் சங்கிலி. சரக்குக்கு சைடு டிஷ் கேட்பவர்தான் இதில் கடைசிக் கண்ணி. உரித்து மசாலா தடவி விட்டால் காடையா, மடையானா என்று யாருக்குத் தெரியும்?

நஷ்டம் விவசாயிக்கு. கொக்கும் மடையானும் வயலில் பூச்சியைத் தின்கின்றன. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. கூலி இல்லாத வேலை ஆட்கள்!

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி பிடிப்பதும், விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ரூ.25 ஆயிரமாக இருந்த அபராத உச்சவரம்பை 2022 திருத்தம் ரூ.1 லட்சமாக்கியது. ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அன்றாடம் காய்ச்சிக்கு அந்தப் பணம் மலை. பின்னால் இருக்கும் வியாபாரிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. வலையோடு நிற்பவரிடம் ‘யாருக்குக் கொடுக்கிறாய்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் கடை வரை போனால்தான் அந்த வியாபாரி வெளியே வருவார்.