பழைய அடித்தளம், புதிய பெயர்

சீனப் பொருள் என்றாலே மட்டம் என்று ஒதுக்கும் வியாபார நண்பர்கள் பாவோஜுன் 630 காரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சீனாவின் லியூசோ நகரிலுள்ள எஸ்.ஏ.ஐ.சி. - ஜி.எம். - வூலிங் கூட்டு நிறுவனம் 2011இல் சந்தைக்கு விட்ட சிறிய செடான் இது. ஆரம்ப விலை 62,800 யுவான்.

அடித்தளம் பழைய பியூக் எக்செல் காருடையது. புதிதாக வடிவமைக்கும் செலவு மிச்சம். வூலிங் வேனில் சரக்கேற்றிய சிறுநகரத்து முதலாளிக்கும் விலை எட்டியது அப்படித்தான்.

நான் மெச்சுவது பெயரை. பியூக் என்றே மலிவாக விற்றிருந்தால் பியூக்கின் மவுசு போயிருக்கும். நம்மவர்களோ ஒரே பெயர்ப்பலகையின் கீழ் முதல்தரத்தையும் மூன்றாந்தரத்தையும் கலந்து அடுக்கிவிட்டு, வாடிக்கையாளர் குறைந்துவிட்டார் என்கிறார்கள்.

ஆனாலும், 2017இல் பாவோஜுனுக்குப் பெரும் விற்பனை தந்தது செடான் அல்ல. 510 என்ற எஸ்.யு.வி.