காவல் நாய்க்கு ஒரு காவல்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்மனின் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில் வீரன் ஒருவனின் உருவமும், அவனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாய்க்கும் இடமளித்த நாடு நம் நாடு. அத்தகைய நாட்டில், வீட்டு நாய்க்குத் தடுப்பூசி இடுவதா, வேண்டாவா என்று இன்றும் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது; ஆயினும் அது முறையன்று. அதற்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் நோயைப் பற்றிக் கூறுவேன். வெறிநோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ள நச்சுயிரி, கடிவாய் வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கிச் செல்கின்றது. இச்செலவு பெரும்பாலும் இரண்டு மூன்று திங்களில் முடியும். ஒரு வாரத்தில் முடிவதும், ஓராண்டு வரை நீள்வதும் உண்டு. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர் உலகெங்கணும் மிகச் சிலரே. நாவறட்சியால் வாடும் நோயாளி, தண்ணீர்க் குவளையைக் கண்ட அளவிலே தொண்டை இறுகித் துடிப்பான். இதனை ‘நீர்வெறுப்பு நோய்’ என்று பெயரிட்டு எழுதுவோர் உளர். அப்பெயர் எனக்கு உடன்பாடன்று. அவன் நீரை வெறுப்பதில்லை. வேண்டியும் விழுங்கமாட்டாமல் அஞ்சுகின்றான். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர். மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரை நாயினால் வருவது. வெறிநோய் ஐயமுள்ள விலங்கினால் கடியுண்போருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர். அஃதாவது, மாணவர்களே, உங்கள் வயதினரும் உங்கள் தம்பி தங்கையருமே ஆவர்.

இனி, அஞ்சுவோர் கூறுவதைக் கேட்போம். 1911-ஆம் ஆண்டில் டேவிட் செம்பிள் என்பார் கசௌலியில் ஆட்டு மூளையிலிருந்து வெறிநோய்த் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கினார். கடியுண்டவர்க்கு அதனை வயிற்றில் நாள்தோறும், பல நாள் இடவேண்டியிருந்தது. நான் சிறுவனாயிருந்த நாளில், “தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி” என்னும் சொல்லே எங்கள் தெருப் பிள்ளைகளை நாய்க்கு அஞ்சி ஓடச் செய்தது. அம்மருந்து பல்லாயிரவரைக் காத்தது உண்மை; ஒரு சிலர்க்கு அது வாதநோயை உண்டாக்கியதும் உண்மை. மருந்து மாறியது, அச்சம் மாறவில்லை. உயிரணுக்களில் நச்சுயிரியை வளர்த்துச் செய்யும் புதிய மருந்து வந்தபின், ஆட்டு மூளை மருந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. 1907-இல் தோன்றிய குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் அப்புதிய முறைக்கே மாறிற்று. இன்று நாய்க்கு இடும் வெறிநோய்த் தடுப்பூசியில் இருப்பது செயலற்றதாக்கப்பட்ட நச்சுயிரியே. அதனால் வெறிநோய் உண்டாகாது.

ஆயின், தீங்கே இல்லையோ எனின், உண்டு. ஊசியிட்ட இடம் வீங்கும். நாய் ஒருநாள் இருநாள் உண்ணாது சோர்ந்து கிடக்கும். மிக அரிதாக, முகம் வீங்கி, மூச்சுத் திணறி, உயிர்க்கு ஊறு நேர்வதும் உண்டு. 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் குறிப்புகளை ஆராய்ந்தது. ஊசியிட்ட மூன்று நாளுக்குள் ஏதேனும் ஒரு தீங்கு பதிவானவை பதினாயிரத்துக்கு 38 நாய்களே. இறந்தவை மிக மிகச் சில. சிற்றுடல் நாய்களுக்கும், ஒரே நாளில் பல ஊசி பெற்றவற்றுக்கும் இத்தீங்கு மிகுதி என்பதும் அவ்வாய்வினால் தெரிந்தது.

இங்குதான் எடைபோடுதல் தேவைப்படுகின்றது. எல்லாத் தடுப்பூசியும் ஒருதன்மையன அல்ல. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கான ஊசி, வயலிலும் களத்திலும் திரியும் நாய்க்கு ஆண்டுதோறும் வேண்டும். மாடிவீட்டில் வாழும் சிறு நாய்க்கு அத்துணை வேண்டுமோ என மருத்துவரைக் கேட்டுத் தெளியலாம். 1978-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட பார்வோ கழிச்சல் குட்டிகளைக் கூட்டங்கூட்டமாய் மாய்ப்பது. அதற்குரிய ஊசியைக் குட்டிப் பருவத்தில் தவறவிடலாகாது. தாய்ப்பாலால் வந்த எதிர்ப்பாற்றல் ஊசியின் பயனைத் தடுக்குமாதலின், அதனைப் பதினாறு வாரம் நிறையும்வரை இடைவிட்டு இடுவர். பின்னர், மூன்றாண்டுக்கு ஒருமுறை இடினும் போதும் என்பார் உளர்.

வெறிநோய் ஊசியோ வேறு. பிற ஊசிகளில் பெரும்பாலும் நம் நாயின் நன்மை தீமைகளையே நிறுக்கின்றோம். இதிலோ அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரும் தட்டில் ஏறுகின்றது. என் நாய், என் விருப்பம் என்று கூறும் உரிமை இங்கே ஒருவர்க்கும் இல்லை என்பது என் துணிபு. “எங்கள் நாய் வாயிலைத் தாண்டாது” என்பர். வாயில் ஒருநாள் திறந்திருக்கும். தெருநாய் ஒருநாள் உள்ளே வரும். “நாட்டு நாய், நோய் அணுகாது” என்பர். இராசபாளையமும் கோம்பையும் பன்றியை எதிர்க்கும் வலிமையுடையன. நச்சுயிரி நாயின் குலத்தை வினவுவதில்லை. நாய்களுள் நூற்றுக்கு எழுபதிற்குத் தடுப்பூசி இட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பர் அறிஞர். சப்பான் நாடு 1950-இல் சட்டம் இயற்றி, நாய்களைப் பதிவு செய்து ஊசியும் இட்டது. 1957-க்குப் பின் அந்நாட்டு விலங்குகளிடையே வெறிநோய் இல்லை. ஏழே ஆண்டு!

ஊசி பெற்ற நாய்தானே என்று கடிபட்டவர் வாளா இருத்தல் கூடாது. புண்ணைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் அப்புதல் புண்ணுக்குக் கேடே.

குட்டிக்கு மூன்று திங்கள் ஆனவுடன் முதல் வெறிநோய் ஊசியும், ஓராண்டில் அடுத்ததும், பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளிலும் இடுக. காய்ச்சலோ கழிச்சலோ உள்ள நாய்க்கு அது நீங்கும்வரை காத்திருக்கலாம். முன்னர் ஊசியால் முகம் வீங்கியிருப்பின், அதனை மறவாது மருத்துவரிடம் சொல்லுக. ஊசியிட்டவுடன் நாயை இழுத்துக்கொண்டு வீடு திரும்பாமல், கால்நடை மருந்தகத்து மர நிழலில் அரைமணி நேரம் அதனுடன் அமர்ந்திருங்கள். மூச்சுத் திணறலோ வீக்கமோ தோன்றுமாயின், அதற்குரிய மாற்று மருந்துடன் மருத்துவர் அருகிலேயே இருப்பார்.